பழஞ்சேலையும் பச்சைக் குழந்தையும்

ஊர்விட்டு வந்து வாழும் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறக்கவிருக்கிறது என்றால், மகிழ்ச்சி வாசலில் நுழையும்போதே கணக்கும் அதன் பின்னால் நுழைந்துவிடுகிறது. மருத்துவச் செலவு, ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து போகும் செலவு, பெயர் சூட்டும் நாளின் செலவு என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கையிலேயே, கடைவீதியின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு குட்டி மெத்தையும் நான்கு குட்டித் தலையணைகளும் நம்மைப் பார்த்துச் சிரிக்கின்றன. விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் நான்கு இலக்கம்! "தலைச்சன் பிள்ளையாயிற்றே, இதுகூட வேண்டாமா?" என்று கணவன் கேட்க, "வேண்டாம், வீண்செலவு" என்று மனைவி கூற, இருவரும் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள். ஆனால் இருவர் உள்ளத்திலும் ஒரு சிறு குறை தங்கிவிடுகிறது. அக்குறைக்கு இடமே இல்லை என்பதைச் சொல்லவே இதனை எழுதத் துணிந்தேன். பச்சைக் குழந்தைக்கு வேண்டிய துணிகளில் பெரும்பாலானவை நம் பெட்டியின் அடியில் ஏற்கெனவே மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

தையலைப் பற்றி ஓர் ஆண்மகன், அதிலும் பகலெல்லாம் பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதுபவன், எழுதலாமா என்று சகோதரிகள் நகைக்கக்கூடும். எங்கள் வீட்டில் ஊசி பிடித்தவை பெரும்பாலும் என் மனைவியின் விரல்களே. துணியை அளந்ததும், வெட்டியதும், நூல் கோத்துக் கொடுத்ததும், கணக்கு எழுதியதும் என் பங்கு. கடைவீதியில் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் தையற்காரர்கள் பெரும்பாலும் ஆடவரே என்பதையும் நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

நாங்கள் வசிக்கும் கரக்பூர், வங்காள நாகபுரி ரயில்வேயின் காலத்தில் எழுந்த ஊர். தெலுங்கரும் தமிழரும் வங்காளிகளும் பீகாரிகளும் ஒரே குடியிருப்பு வரிசையில் வாழ்கிறோம். ஆதலால் நான்கு நாட்டுக் குழந்தை வளர்ப்பும் ஒரே கொடியில் காய்வதை இங்கே காணலாம். அக்கொடியில் என் கண்ணை முதலில் ஈர்த்தது வங்காளிகளின் 'காந்தா'.

உடுத்து உடுத்து நைந்த பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லா அடுக்குகளையும் ஊடுருவிச் செல்லும் ஓட்டுத் தையலால் இணைத்துவிட்டால் காந்தா ஆயிற்று. இதற்குப் பஞ்சு வேண்டுவதில்லை. முற்காலத்தில் வண்ண நூலைக்கூட விலைக்கு வாங்கவில்லை; பழஞ்சேலையின் கரையிலிருந்தே இழை இழையாக உருவிக்கொண்டார்கள். குளிர்காலத்துக்குத் தடித்த 'லேப்', சிறப்பு நாள்களில் விரிக்கும் 'சுஜனி', கண்ணாடியையும் சீப்பையும் சுற்றிவைக்கும் 'ஆர்சிலதா' என இவற்றில் பல வகை உண்டு. குருசதய் தத்தர் (1882–1941) என்னும் அரசு அதிகாரி வங்காளத்துச் சிற்றூர்களில் தேடித் தொகுத்த காந்தாக்களுள், மானதாசுந்தரி என்ற பெண்மணி தம் தந்தைக்காகத் தைத்த ஒன்று பெரும்புகழ் பெற்றது. தந்தைக்கு அளிக்கும் காணிக்கை என்பதை அதில் எழுத்தாகவே தைத்துவைத்தார் அவர். இச்செய்தியைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

பீகாரில் முசாபர்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த பூசுராப் பகுதியில், பிறந்த குழந்தையைச் சுற்றுவதற்கென்றே பழந்துணிகளை இணைத்துத் தைப்பதைச் 'சுஜனி' என்கிறார்கள். ஒட்டுத்துணிக்கு அங்கே தெய்வமே உண்டு. 'சித்திரியா மா', அதாவது கந்தல் அன்னை என்று பெயர். அவ்வேலைக்குப் புத்துயிர் அளித்த நிர்மலா தேவி அவர்களுக்கு 2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மராட்டியத்தில் வாழும் நம்மவர்கள் 'கோதடி'யை அறிவார்கள். ஹூப்ளிப் பக்கத்தில் இருப்பவர்கள் 'கவுதி'யை அறிவார்கள். வட கன்னடத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் போர்வையில் நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துணிப்பூ இருந்தே தீரவேண்டும். அது இல்லாத போர்வையை வெறுமை என்று கருதுவார்கள்.

வடமொழியில் 'கந்தா' என்றால் ஒட்டுத்துணி. நம் 'கந்தை'யும் அதன் உறவே. ஆனால் வழக்கில் எத்தனை தொலைவு! கந்தை என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு வறுமை நினைவுக்கு வருகிறது. வங்காளப் பெண்ணுக்குத் தன் பாட்டியின் கைத்திறன் நினைவுக்கு வருகிறது. இத்தனைக்கும், பிறந்த சிசுவை முதலில் பழைய வேட்டியில் ஏந்துவது நம் ஊர்களிலும் உள்ள வழக்கம்தான். நூறு முறை துவைத்த துணியில் கஞ்சியும் இல்லை, கழன்று வரும் சாயமும் இல்லை. இழை இளகி நீரை உடனே உறிஞ்சுகிறது. கடையிலிருந்து வரும் புதுத்துணி இந்த மென்மையைப் பெற நெடுநாள் உழைக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் காந்தா தைக்கும் பேச்சு எழுந்தபோது, ஊரிலிருந்து என் அத்தை தொலைபேசியில் வெகுண்டார்கள். "தலைச்சன் பிள்ளைக்குக் கந்தலா போடுவீங்க? ரயில்வேயில சம்பளமே கொடுக்கறதில்லையா?" என்பது அவர்கள் கேள்வி. என் மனைவியின் தயக்கமோ வேறு வகையானது. தலைப்பிரசவத்துக்குப் போக அவளுக்குத் தாய்வீடு இல்லை; தாயார் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெட்டியில் இருந்த நல்ல பருத்திச் சேலைகள் இரண்டும் அந்த அம்மையார் உடுத்திய மதுரைச் சுங்குடிகள். இறந்தவர் சேலையைப் பச்சைக் குழந்தைக்குப் போடலாமா என்பது ஒன்று. அதை வெட்டினால் அதுவும் போய்விடுமே என்பது மற்றொன்று. முதலாவதற்கு என் தாயார் தொலைபேசியிலேயே விடை சொன்னார்கள்: "பேரப்பிள்ளையைத் தூக்கக் கொடுத்துவைக்கலை. சேலையாவது தூக்கட்டும், நீ வெட்டம்மா." இரண்டாவதற்கு எவரும் விடை சொல்லவில்லை. சேலை ஒரு வாரம் நாற்காலியின்மேல் கிடந்தது. பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். முந்தானையை மட்டும் வெட்டாமல் தனியே எடுத்து மடித்து வைத்தாள்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் துணி பருத்திதானா என்று ஐயமற அறியவேண்டும். ஓர் இழையை உருவித் தீயில் காட்டினால், பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். பின்னதைக் குழந்தையின் அருகே கொண்டுவர வேண்டா. அடுத்து, துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, இரு கட்டைவிரல்களால் இழுத்துப் பார்க்கவும். 'சர்' என்று கிழியும் இடத்தை நீக்கிவிடுங்கள். சேலையின் இடைப்பகுதியும் கீழோரமுமே பெரும்பாலும் இப்படி நைந்திருக்கும். சாயம் போகுமோ என்று தோன்றினால், நனைத்த துணியின்மேல் வெள்ளைத் துண்டு வைத்து இஸ்திரி போட்டால் உண்மை தெரிந்துவிடும். தேறியவற்றைக் கொதிநீரில் அலசி, நல்ல வெயிலில் உலர்த்தி எடுங்கள்.

ஆறு கெஜச் சேலை ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளம் இருக்கும். முந்தானை போக நாலரை மீட்டர் நிற்கும். அதனை 75 செ.மீ. வீதம் வெட்டினால் ஆறு துண்டுகள். மூன்று அடுக்காக வைத்தால் ஒரு சேலையில் இரண்டு காந்தாக்கள் கிடைக்கும். ஓரம் மடித்தபின் ஒவ்வொன்றும் சுமார் 105 செ.மீ. நீளமும் 70 செ.மீ. அகலமும் இருக்கும். எங்கள் பகுதியின் மார்கழிக்கு ஐந்து அடுக்கு வைப்பதும் உண்டு. மேலடுக்குக்குச் சேலையும், குழந்தையின் உடலைத் தொடும் அடியடுக்குக்குப் பழைய வெள்ளை வேட்டியும் வைத்தோம். ஈரமும் அழுக்கும் வெள்ளையில்தான் உடனே தெரியும்.

துண்டுகளைத் தரையில் விரித்துச் சுருக்கம் நீவி, நான்கு மூலையிலும் கனமான பாத்திரங்களை வைத்துவிடுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய பெரிய தையலாக இழையோட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் தற்காலிகத் தையலில் சோம்பினால் முடிவில் ஓர் அடுக்கு பிதுங்கி நிற்கும். ஓரத்தை உள்ளே மடித்து இயந்திரத்தில் ஓட்டுவது தவறன்று; ஆனால் நடுப்பகுதியைக் கையால் தைப்பதே சிறப்பு. கைத்தையல் அடுக்குகளைச் சற்றே இழுத்துப் பிடிப்பதனால் துணியெங்கும் சிற்றலைபோல் ஒரு சுருக்கம் விழுகிறது. காந்தாவின் அழகும் கதகதப்பும் அந்த அலைக்குள்ளேதான் இருக்கின்றன. நூலை ஒரு முழத்துக்குமேல் கோக்கவேண்டா, சிக்கும். முடிச்சை அடுக்குகளுக்கிடையே இழுத்து மறைத்துவிடவேண்டும்.

ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் நீளவாக்கில் தைத்தால் எழுபது வரிசை வரும். வரிசைக்கு நூறு தையல் என்றால் மொத்தம் ஏழாயிரம் தையல். எண்ணிக்கையைக் கேட்டு அஞ்சவேண்டா. நாளொன்றுக்கு இரண்டு வரிசை தைத்தால் முப்பத்தைந்து நாளில் முடிந்துவிடும். நூலை இரட்டையாகக் கோத்தால் ஏறத்தாழ 180 மீட்டர் செலவாகும். ரசீது எழுதும் கை கணக்குப் போடாமல் சும்மா இருக்குமா?

மூன்றாம் வீட்டு வங்காள மூதாட்டியை நாங்கள் 'மாசிமா' என்று அழைப்பது வழக்கம். அவர் தாமரையை நடுவிலும் மாங்காய்க் கொடியை மூலைகளிலும் வரைந்து தருவதாகச் சொன்னார். எங்கள் சேலையில் சுங்குடிப் புள்ளிகள் வரிசை வரிசையாக முன்பே நின்றதால், என் மனைவி அவற்றையே கோலப்புள்ளிகளாகக் கொண்டு ஐந்தில் தொடங்கி ஒன்றில் முடியும் சிக்குக் கோலத்தை ஓட்டுத் தையலால் வளைத்துவிட்டாள். சுங்குடிச் சேலை வைத்திருக்கும் சகோதரிகள் இதனைச் செய்து பார்க்கவேண்டும், அளவுகோலே தேவைப்படாது.

தாமரையின் நடுவட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தோம். மகள் பிறந்து 'குழலி' என்று பெயர் சூட்டியபின் அவ்விடத்தில் அப்பெயரைத் தமிழில் தைப்பது என்று தீர்மானம். மானதாசுந்தரி தம் மொழியைத் துணியில் எழுதவில்லையா? நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் வங்காளமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் வாயில் இருக்கிறது, கண்ணில் இல்லை. நன்றாகத் தமிழ் பேசும் பத்து வயதுப் பிள்ளை தன் பெயரைத் தமிழில் கண்டு, "இது என்ன எழுத்து?" என்று கேட்பதை இக்குடியிருப்பில் நான் பார்த்திருக்கிறேன். நாள்தோறும் புரண்டு படுக்கும் துணியில் தன் பெயர் இருக்குமானால், படிக்கும் வயது வருமுன்பே அவ்வெழுத்துகளின் வடிவம் கண்ணுக்குப் பழகிவிடும் அன்றோ?

தமிழெழுத்துக்கு ஏற்றது சங்கிலித் தையல். வளைவுகளில் அது தானாகவே திரும்பிக்கொள்ளும். கூர்முனை வரும் இடத்தில் சங்கிலியை ஒரு சிறு தையலால் முடித்து, அதே துளையிலிருந்து புதிதாகத் தொடங்கவேண்டும். இல்லையேல் முனை மழுங்கிப்போகும். எழுத்தின் உயரம் மூன்று சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. 'ண', 'ழ' முதலியவற்றின் சுழிகள் சிறிய அளவில் ஒன்றோடொன்று ஒட்டி அடைந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஊசியில் நூலை இருமுறை சுற்றி இழுக்கும் முடிச்சுத் தையல் போதும். எழுத்தை வரைய, தேய்ந்த சோப்புத் துண்டின் ஓரமே சிறந்த எழுதுகோல், துவைத்தால் மறைந்துவிடும். பூவேலை நூல் ஒரு கட்டில் எட்டு மீட்டர் இருக்கும், ஆறு இழைகள் சேர்ந்தது. அதனைப் பிரித்து எழுத்துக்கு மூன்று இழை, பூவுக்கு இரண்டு இழை வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளை பெற்ற உடம்போடு என் மனைவியால் நெடுநேரம் உட்கார இயலவில்லை. நான் சோப்பால் எழுதிவைத்ததை மாசிமா தாமே எடுத்துக்கொண்டு போனார். "எழுத்து தெரியாது பாபா, படம் தெரியும்" என்றார். மறுநாள் வந்து, 'ழ'வைச் சுட்டி, "இது என்ன பறவை?" என்று கேட்டார். தமிழ் படிக்கத் தெரியாத அக்கைகள் தைத்த அந்த 'ழ'வைப்போல் திருத்தமான ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடநாட்டார் 'ஜப்லா' எனும் திறந்த முன்பக்கச் சட்டைக்கு 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலமுள்ள மெல்லிய பழந்துணி போதும். தோளில் வருமாறு பாதியாக மடித்து, நடுவில் உடலுக்கு 25 செ.மீ., இருபுறமும் கைக்குப் பத்துப் பத்து என்று வெட்டிப் பக்கங்களைத் தைத்துவிட்டு, முன்பக்கத்தைக் கழுத்திலிருந்து கீழ்வரை பிளந்து ஓரம் அடிக்கவேண்டும். தையல் ஓரம் வெளிப்புறம் இருக்கட்டும். உட்புறம் இருந்தால் சிசுவின் தோலை உறுத்தும். பொத்தான் கூடாது. கட்டும் நாடாவும் குட்டையாக இருக்கவேண்டும். நான்கு முழ வேட்டி ஒன்றில் 60 செ.மீ. சதுரமாக ஆறு அரைத்துணிகள் வெட்டலாம். ஓரம் அடித்து முக்கோணமாக மடித்துக் கட்டவேண்டியதுதான். இவை எத்தனை இருந்தாலும் மழைக்காலத்தில் போதா.

கடுகு நிரப்பிய குட்டித் தலையணையை வங்காளிகளும் இந்திக்காரர்களும் பெரிதும் போற்றுகிறார்கள். தலை உருண்டையாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் ஒரு வயது வரை குழந்தைக்குத் தலையணையே வேண்டாம் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். மாசிமா அன்போடு கொடுத்ததை மறுக்க மனமின்றி வாங்கிக்கொண்டோம். பாலூட்டும்போது தாயின் முழங்கைக்கு அடியில் வைக்க அதைப்போல் வசதியானது வேறில்லை.

தூளியைப் பற்றி என் கருத்து சற்று மாறானது. நைந்த சேலையைத் தூளிக்குக் கட்டுவது நம் வீடுகளில் சாதாரணம். படுக்கைக்கு நைந்த துணி நல்லது. தூளிக்கோ உறுதியான துணி வேண்டும். அதில் பூவேலை செய்து ஊசித்துளை இடுவதும் வேண்டா. துணி முகத்தின்மேல் மூடிக்கொள்ளாதபடி குறுக்கே தொட்டில் கம்பு கொடுத்து, கீழே விரிப்பு போட்டு, தரைக்கு மிக அருகில் கட்டி, ஒருவர் பக்கத்தில் விழித்திருக்கும் நேரத்துக்கு மட்டும் பயன்படுத்துவது நலம். இரவுத் தூக்கத்துக்குச் சமமான, அமுங்காத படுக்கையில் மல்லாந்து கிடத்தவேண்டும் என்பதே இன்றைய மருத்துவம். ஆகவே காந்தாவையும் தூங்கும் குழந்தையின் முகத்தருகே குவிக்காமல், அடியில் இறுக்கமாக விரிக்கவும், விழித்திருக்கையில் மடியில் சுற்றி ஏந்தவும் பயன்படுத்துங்கள்.

கடைக் கண்ணாடிக்குள் நாம் கண்ட அந்த மெத்தைத் தொகுதி நினைவிருக்கிறதா? அதில் கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு ஒன்றும் இருக்கும். குழந்தையின் முகம் அதில் புதைந்து மூச்சு முட்டும் என்பதற்காக, அத்தடுப்புகளை விற்பதையே அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு சட்டம் இயற்றித் தடுத்தார்கள். நம்மால் வாங்க முடியவில்லையே என்று ஏங்கிய பொருள் அது! வீட்டில் தைப்பவர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. கண்ணாடிச் சில்லும் மணியும் ஜிகினாவும் சுவரில் தொங்கும் துணிக்கே உரியவை. காந்தாவின் பின்புறத்தில் நீண்ட நூல் தொங்கக் கூடாது. காலுறை, கையுறையின் உட்பக்கப் பிசிறையும் வெட்டிவிடவேண்டும். ஒற்றை நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கிவிட்டால் விரலுக்கே ஆபத்து.

எங்கள் செலவுக் கணக்கு இது: கோல் பஜாரில் வாங்கிய வெள்ளை நூல், பூவேலை நூல் ஐந்து கட்டு, ஊசிப் பொட்டலம், நாடா எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்கு உட்பட்டது. இரண்டு காந்தாக்கள், நான்கு ஜப்லாக்கள், பன்னிரண்டு அரைத்துணிகள் தேறின. காந்தாவின் அடியில் விரிக்க வாங்கிய ரப்பர் விரிப்பின் விலை தனி. அத்தைக்குப் புகைப்படம் அனுப்பினோம். "எந்தக் கடை?" என்று கேட்டு எழுதினார்கள்.

துவைக்கும்போது காந்தாவை முறுக்கிப் பிழியாமல் நீரை அழுத்தி வடித்துவிட்டு வெயிலில் விரிக்கவேண்டும். ஓரிரு ஆண்டில் மேலடுக்கு நைந்துவிட்டால் எறிந்துவிட வேண்டா. பழைய தையலைப் பிரிக்காமலே அதன்மேல் இன்னொரு சேலைத் துண்டை வைத்து, ஓரத்தைச் சேர்த்து மடித்து, மீண்டும் வரிசை ஓட்டிக்கொள்ளலாம். நடுவில் பெயர் தைத்திருந்தால் அவ்விடத்துக்கு மட்டும் புதுத்துண்டில் வட்டமாக வெட்டி, வெட்டிய ஓரத்தை உள்மடித்துத் தைத்துவிட்டால் எழுத்து மறையாது. அடுத்த குழந்தையின் பெயருக்குக் கீழே இடம் விட்டுவைப்பது அவரவர் விருப்பம்.